மல்லிகா சிஸ்டருக்குக் கரிநாக்கு இல்லை

செய்தி வந்தபோது நான் ஆய்வகத்தில் இருந்தேன். காலையில் எடுத்த ரத்தக் குழாய்கள் மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குத்துவிளக்குப் படம் வந்தது. அதன் கீழே, மல்லிகா சிஸ்டர் இன்று காலை இயற்கை எய்தினார் என்று ஒரு வரி. ஐந்து நிமிடத்துக்குள் அந்த வரிக்குக் கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசை கட்டின. வேலைக்குக் கிளம்பி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவர் அங்கேயே விழுந்துவிட்டாராம். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது.

மருந்தாளுநர் எட்டிப் பார்த்து, "நல்ல மனுஷி சார். கோவம்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். அவரைப் பிடித்துக் கத்திவிட்டேன். வெளியே சீட்டோடு வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், அவர் துக்கம் பகிரத்தான் வந்தார். ஆனால் முப்பது வருஷம் வேலை செய்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல எல்லோருக்கும் இந்த ஒரு வாக்கியம்தான் கிடைக்கிறது. எதன்மேல் கோபம், யார்மேல் கோபம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் நிலையத்துக் கூடத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. படத்துக்கு மாலை போட்டார்கள். ஒரு காலத்தில் அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்த அதிகாரியே வந்து "அர்ப்பணிப்பு" என்ற சொல்லை ஆறு முறை சொன்னார். பிறகு தட்டு வந்தது. கிரீம் பிஸ்கட்டும் காகிதக் கோப்பையில் ஆரஞ்சு நிறக் குளிர்பானமும். எந்தப் படத்துக்கு முன்னால் எதை நீட்டுகிறோம் என்று யாருக்காவது உறைக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தேன். இல்லை. பரிசோதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு கர்ப்பிணிகளுக்கும் தட்டு போனது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் சங்கத்து நண்பர் கூப்பிட்டு, "நீங்கதான் சார் அவங்களோட ரொம்ப நாள் இருந்தீங்க. நினைவு மலர்ல போட ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க, கண்ணியமா" என்றார். ஒரு பக்கத்தில் அடங்காது. கண்ணியத்துக்கும் நான் பொறுப்பில்லை. அவரைத் தெரிந்த உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாத ஒன்று இதில் இருக்கிறது.

அவர் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, பிரசவம் வரைக்கும் பின்னாலேயே திரிவது அவர் வேலை. நான் ஆய்வக நுட்புநர். அவர் அனுப்பும் பெண்களின் ரத்தத்தைப் பார்த்து எண்ணை எழுதுவது என் வேலை. ஹீமோகுளோபின் குறைந்தாலோ சர்க்கரை ஏறினாலோ சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுவேன். அந்த வட்டத்தோடு என் கடமை முடிந்தது என்று இருபது வருஷத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஒருமுறை ஒரே வாரத்தில் ஏழு சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியபோது, ஏழு அட்டையையும் கொண்டுவந்து என் மேஜைமேல் பரப்பினார். "நீங்க நம்பர் எழுதிட்டு வீட்டுக்குப் போறீங்க சார். நான் அந்த நம்பரைக் கூட்டிக்கினு பஸ்ல போறேன்" என்றார். அதற்கு நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "ஒருநாள் கூட வந்து பாருங்க" என்றார்.

போனேன். தாமல் பக்கம் ஒரு நெசவாளர் வீடு. ஆறு மாதக் கர்ப்பிணி. ரத்தத்தின் அளவு நான் சிவப்பு வட்டம் போட்ட அளவு. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டதற்கு அந்தப் பெண் கீரை, முட்டை, பால் என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். மல்லிகா சிஸ்டர் நேராகப் பின்கட்டுக்குப் போனார். குப்பை கட்டித் தொங்கவிட்டிருந்த பையை எடுத்து வந்து நடுவீட்டில் கவிழ்த்தார். நூடுல்ஸ் உறைகள், சிப்ஸ் உறைகள், சின்னச் சின்ன கேக் உறைகள். ஒவ்வொன்றாக நீவி வரிசையில் வைத்தார். முட்டை ஓடு ஒன்றுகூட இல்லை, கீரைத் தண்டும் இல்லை. அதுதான் அவர் வேலை செய்யும் முறை. வாய் சொல்வதைக் கேட்கமாட்டார், குப்பையைப் பார்ப்பார். இதற்காகவே அவர் வரும் நாளில் சில வீடுகளில் குப்பையை அடுத்த தெருவில் கொண்டுபோய்ப் போட்ட கதையும் உண்டு.

மாமியார் ஆரம்பித்தார். நாங்கள் சொன்னால் கேட்கிறாளா சிஸ்டர், வாய் கேட்குது, கடைக்கு ஓடுறா என்று. மல்லிகா சிஸ்டர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தறிக்குழியில் உட்கார்ந்திருந்த கணவனிடம் போனார். கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ள ஒருவர். அந்த வீட்டில் தள்ளுகிற ஆள் இந்தப் பெண்தான். காலை எத்தனை மணிக்கு உட்கார வைக்கிறாய் என்று கேட்டார். ஆறு என்றான். எப்போது எழுப்புகிறாய் என்று கேட்டார். அவன் தறி நூலை நீவிக்கொண்டிருந்தான்.

"அடுப்பாண்ட நிக்க உடாம தறியாண்ட குந்த வெச்சா, அது பாக்கெட்டத்தாம்பா பிரிக்கும். பிரிக்கறது அவ கை. பிரிக்க வெச்சது யார் கை?" என்றார்.

அந்தப் பெண்ணை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒருபோதும் திட்டமாட்டார். உறைகளின் பின்பக்கத்தில் பொடி எழுத்து அச்சடித்திருக்கும் பகுதியைக் கத்தரித்து, அவள் பெயருக்கு நேரே நோட்டில் ஒட்டிக்கொண்டார். பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் தறியை நிறுத்த வேண்டும் என்று அவனிடம் சொல்லிவிட்டு, அடுத்த இரண்டு வாரம் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் அவனுக்கு போன் அடித்தார். தறியில் பாவு நூல் அறுந்தாலும் பரவாயில்லை, இந்த அம்மா போன் வராமல் இருந்தால் போதும் என்று அவன் அலறுகிற அளவுக்கு அடித்தார். அடுத்த முறை அந்தப் பெண்ணின் ரத்தத்தைப் பார்த்தபோது எனக்கு மை மாற்ற வேண்டியிருந்தது. முருங்கைக்கீரையும் முட்டையும் வேர்க்கடலையும் இரும்புச்சத்து மாத்திரையும்தான், வேறு மந்திரம் ஒன்றுமில்லை.

மெமோ வந்த கதையைச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் கூடும் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு நிறுவனத்து ஆட்கள் பேனரோடு வந்து இறங்கினார்கள். தாய்மைக் காலத்துக்கான சத்து பானம். பேனரில் வெளுத்த நிறத்தில் ஒரு பெண் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரிக்கிறாள். மேலே யாரிடமோ அனுமதி வாங்கிவிட்டார்கள். பொட்டலம் பொட்டலமாக இலவசம். மல்லிகா சிஸ்டர் ஒரு டப்பாவை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தார். பிறகு என் அறைக்கு வந்து தராசைத் தூக்கிக்கொண்டு போனார். கேன்டீனிலிருந்து சர்க்கரை வரவழைத்தார். அந்த டப்பாவுக்குள் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று அவர்களே பொடி எழுத்தில் போட்டிருந்தார்களோ, அவ்வளவையும் நிறுத்து, அத்தனை பெண்களுக்கு முன்னால் ஒரு செய்தித்தாளில் கொட்டினார். குவியல் ஏறிக்கொண்டே போனது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சத்து எங்கம்மா இருக்குதுன்னு நானும் தேடறேன்" என்றார். அவ்வளவுதான் பேசினார். பேனரை அவர்களே சுருட்டிக்கொண்டு போனார்கள். பத்து நாளில் மெமோ வந்தது. அனுமதி பெற்ற நிகழ்ச்சிக்கு இடையூறு செய்ததாக. அதற்கு அவர் எழுதிய விளக்கத்தோடு டப்பாவின் லேபிளையும் குண்டூசியால் குத்தி அனுப்பினார். லேபிளைப் பற்றி மேலிடத்திலிருந்து இன்றுவரை பதில் இல்லை. இன்றைக்கும் காஞ்சிபுரத்தில் எந்தப் பெரிய கடைக்குப் போனாலும் அந்த டப்பா கண்ணுக்கு நேரான தட்டில்தான் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இத்தனை தெரிந்த நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

என் மகள் திவ்யாவை ஐயம்பேட்டையில் கொடுத்திருக்கிறேன். நல்ல குடும்பம். மாப்பிள்ளை நெசவு, கூடவே சேலை வியாபாரம். இரண்டு வருஷத்துக்கு முன் முதல் பிள்ளை உண்டானபோது ஏழாம் மாதம் வளைகாப்பு என்று முடிவானது. எங்கள் பக்கம் வளைகாப்புக்குப் பெண் வீட்டிலிருந்து சீர்த்தட்டு போக வேண்டும். ஒற்றைப்படையில். என் அம்மா காலத்தில் அது ஐந்து, ஏழு வகைச் சோறும் பலகாரமும் பழமும் பூவும். இப்போது அப்படி இல்லை. என் மனைவி சுமதி இருபத்தொரு தட்டு என்று முடிவு செய்தாள். சம்பந்தியம்மாவின் மூத்த மருமகளுக்குப் பதினேழு வந்ததாம். சூப்பர் மார்க்கெட்டிலிருந்து இரண்டு முறை ஆட்டோவில் வந்தது. சிப்ஸைக் கோபுரமாக அடுக்கிய தட்டு, பிஸ்கட்டில் வீடு கட்டிய தட்டு, சாக்லேட்டைத் தாமரையாக விரித்த தட்டு, நூடுல்ஸ், ஜாம், குளிர்பானம், டப்பாப் பழரசம். நடுநாயகமாக அந்தச் சத்து பானம் மூன்று டப்பா, பளபளக்கும் தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி. நான்தான் கத்தரிக்கோல் பிடித்துக் கொடுத்தேன்.

இந்தச் சீருக்கு ஒரு விதி இருக்கிறது. பிறந்த வீட்டிலிருந்து வந்ததை வெளியாளுக்குத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. பிள்ளைத்தாச்சியின் வாயில்தான் பட வேண்டும். மீந்தால் பிறந்த வீட்டுக்கு அவமானம், அவள் ஆசை தீராமல் போனால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும். சோறும் பலகாரமும் போன காலத்தில் இந்த விதியால் கெட்டது ஒன்றுமில்லை. இரண்டு நாளில் தீர்ந்துவிடும். இருபத்தொரு தட்டு பாக்கெட் கெட்டுப்போவதில்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து தின்ன வேண்டும். இந்தத் தட்டு வந்தபோது அந்த விதியையும் மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வளைகாப்புக்குப் பன்னிரண்டு நாள் முன்பு திவ்யா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வெளியே எங்கோ போவானேன் என்று என் ஆய்வகத்திலேயே சர்க்கரைப் பரிசோதனை செய்தேன். குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தேன். நூற்று நாற்பதைத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை, சிவப்பு மை. என் மகளுக்கு நூற்று அறுபத்தெட்டு.

இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன். அதே எண். "என்னப்பா?" என்று கேட்டாள். "நார்மல்தாம்மா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். மண்டபம் பேசியாகிவிட்டது. தட்டுகள் ரிப்பனோடு நடுக்கூடத்தில் நிற்கின்றன. இப்போது சர்க்கரை என்றால், சர்க்கரைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று ஐயம்பேட்டையில் பேசுவார்கள். விசேஷம் முடியட்டும், பிறகு நிதானமாக இன்னொரு முறை பார்ப்போம். ஊரார் வீட்டுப் பெண்ணாக இருந்தால் அன்றைக்கே வட்டம் போட்டு மல்லிகா சிஸ்டரிடம் அட்டையைக் கொடுத்திருப்பேன். என் பெண்ணின் அட்டையில் அந்த இடத்தைக் காலியாக விட்டேன்.

வளைகாப்புக்கு மல்லிகா சிஸ்டர் ஒரு எவர்சில்வர் தூக்கில் கொண்டைக்கடலைச் சுண்டலோடு வந்தார். இருபத்தொரு தட்டையும் ஒரு சுற்று பார்த்தார். திவ்யாவின் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டே, சுகர் பார்த்தாச்சா கண்ணு என்று கேட்டிருக்கிறார். அப்பா பார்த்தார், நார்மல் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவர் கூட்டத்துக்கு மேலாக என்னைத் தேடிப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, நேராகப் பந்தி நடக்கும் இடத்துக்கு வந்துவிட்டார்.

"எவ்ளோ சார்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

அவரிடம் பொய் சொல்ல வரவில்லை. எண்ணைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திரும்பிப் போய், சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார்: "அம்மா, இந்தப் பொண்ணுக்கு சுகர் வந்துடும்போல இருக்குது. இந்தத் தட்டுல இருக்கற ஒண்ணையும் அது வாயில வெக்காதீங்க. என் பேச்சைக் கேளுங்க."

வந்திருக்கிறது, அதன் அப்பனுக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த இடத்திலேயே என் மானம் போயிருக்கும். எச்சரிக்கைபோல் சொன்னால் என் பொய்யும் மறைந்துவிடும், பெண்ணும் தப்பிவிடுவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அந்த வட்டாரத்தையே கரைத்துக் குடித்தவர் அங்கேதான் தவறு செய்தார். சுபகாரியத்தில் பிள்ளைத்தாச்சியைப் பார்த்து நோய் வரும் என்று ஒருத்தி சொன்னால் அதற்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று அவர் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. சுமதி அழ ஆரம்பித்தாள். சம்பந்தியம்மா கையை உதறிக்கொண்டு, நல்ல நாளும் அதுவுமா இது என்ன பேச்சு என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சிஸ்டர், இது என் வீட்டு விசேஷம். உங்க டூட்டியை இங்க காட்டாதீங்க" என்றேன்.

அவர் சாப்பிடாமல் போய்விட்டார். வளைகாப்பு வீட்டிலிருந்து ஒருத்தரைக் கை நனைக்காமல் அனுப்பினேன்.

இருபத்தொரு தட்டும் ஐயம்பேட்டைக்குப் போயின. ஒன்பதாம் மாதம்தான் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைப்பது வழக்கம். அதுவரை சம்பந்தியம்மா மருமகளை அன்பாகத்தான் கவனித்தார். காலையும் மாலையும் சத்து பானம், தொட்டுக்கொள்ள பிஸ்கட், இடையில் பழரசம். உங்கம்மா ஆசையா வெச்ச சீர், வீணாக்கக் கூடாது கண்ணு என்று ஊட்டாத குறையாகக் கொடுத்திருக்கிறார். நான் தொலைபேசியில் இனிப்பைக் குறைத்துக்கொள் என்று பட்டும் படாமலும் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுபடி பார்ப்போம் என்ற பரிசோதனையை இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன். ஐயம்பேட்டை மல்லிகா சிஸ்டரின் எல்லைக்குள் வரும். வளைகாப்பு முடிந்த நான்காம் நாளே அந்த வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். கதவைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் போனார், திறக்கவில்லை. மூன்றாவது வாரம் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கம்பக்கம் கூடவே, மாப்பிள்ளை வெட்கப்பட்டுக் கதவைத் திறந்தார். அங்கேயே விரலில் குத்திப் பார்த்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி மருந்து ஆரம்பிக்க வைத்தார்.

ஒரு விஷயத்தில் நியாயமாக இருக்க வேண்டும். சர்க்கரை வந்ததே பாக்கெட்டால்தான் என்று அவர் சொன்னதில்லை. என் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது, எனக்கும் இருக்கிறது. பாக்கெட்டையே தொடாத பெண்ணுக்கும் வரலாம். வந்ததை ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டு, சாப்பாட்டை மாற்றி, மாத்திரையோ ஊசியோ போட்டு அடக்கினால் பெரும்பாலும் அடங்கும். என் மகளுக்கு அந்த வாரங்களில் அடக்குவதற்குப் பதிலாக நெய் வார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளை அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டது. வலி வந்து ஒரு பகல் முழுக்கப் போராடி, கடைசியில் ஆபரேஷன். பிறந்த கொஞ்ச நேரத்தில் குழந்தைக்கு ரத்தத்தில் சர்க்கரை தடதடவென்று இறங்கிவிட்டது. பச்சைக் குழந்தைகள் பிரிவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊசி குத்திய கையோடு ஐந்து நாள் கிடந்தான்.

முதல் நாள் டாக்டர் வெளியே வந்து கேட்டார். இதற்கு முன்னால் சர்க்கரை பார்க்கவே இல்லையா, அட்டையில் அந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று. சுமதி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, நான், மல்லிகா சிஸ்டர் எல்லோரும் அங்கே நின்றோம். சிஸ்டர் என்னைப் பார்த்தார். எனக்காக நேரம் கொடுத்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"என் ஏரியா டாக்டர். நான்தான் லேட்டா பார்த்தேன்" என்றார்.

எந்த அதிகாரிக்கும் பணியாத அந்த வாய் எனக்காகப் பணிந்தது. சம்பந்தியம்மா உடனே சொன்னார், லேட்டாகவும் பார்த்து வாயையும் வைத்தாளே, சண்டாளி, அந்தக் கரிநாக்கு சொன்னது பலித்துவிட்டதே என்று. சொன்னது நடந்துவிடும் நாக்கு. அன்று அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் பிறந்த பெயர்தான் அது. ஒரு மாதத்துக்குள் ஐயம்பேட்டை முழுக்கப் பரவியது. வளைகாப்புக்கு அவரை அழைப்பது நின்றது. அவர் தெருவில் வருவது தெரிந்தால் பிள்ளைத்தாச்சிகளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். முப்பது வருஷம் எந்தக் கதவையும் தட்டித் திறந்தவர் கடைசி இரண்டு வருஷம் சாத்திய கதவுகளுக்கு முன்னால் நின்றார். அதில் எத்தனை சிவப்பு வட்டங்கள் பார்க்கப்படாமல் போயினவோ எனக்குத் தெரியாது. என் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்திருந்தால் அந்தப் பெயர் அவர்மேலிருந்து விழுந்திருக்கும். நான் வேலைக்குப் போனேன், எண் எழுதினேன், வீட்டுக்கு வந்தேன்.

போன வருஷம் ஒருநாள், ஆய்வகத்தில் ஆள் இல்லாத நேரத்தில் அவரிடம் பேச்செடுத்தேன். சிஸ்டர், அன்றைக்கு என்று ஆரம்பித்தேன். "பேரனுக்குப் பல்லு மொளச்சிச்சா?" என்று கேட்டார். நான் விடவில்லை. ஏன் சிஸ்டர் டாக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். ரத்தக் குழாய்களைப் பையில் அடுக்கிக்கொண்டே சொன்னார்: "உள்ள அந்தப் பொண்ணு வயித்தைக் கிழிச்சிக்கினு கெடக்குது. அன்னிக்கு அதுக்கு அப்பா வேணும் சார். அதான். ஆனா நான் சொல்லலன்னா நீங்க சொல்ல வேணாம்னு அர்த்தம் இல்ல. ரெண்டாவது உண்டாகறதுக்குள்ள நீங்களே அவளாண்ட சொல்லிடுங்க."

தலையாட்டினேன். சொல்லவில்லை.

இப்போது திவ்யாவுக்கு நான்காம் மாதம். மல்லிகா சிஸ்டர் செத்த செய்தியைச் சொன்னபோது, "அய்யோ பாவம்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "இந்த வாட்டி அந்த வாய் இல்லப்பா, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சர்க்கரை என்பது ஒருத்தியின் நாக்கிலிருந்து வந்தது, அந்த நாக்கு போய்விட்டது, இனிப் பயமில்லை. இரண்டாவது பிள்ளைக்குச் சீர் கிடையாது என்று இருந்த வழக்கத்தையும் மீறி, முதல் முறை சரியாக நடக்காததால் இந்த முறை குறைவில்லாமல் செய்ய வேண்டும் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு ஆரம்பித்துவிட்டது. சுமதி பட்டியல் போடுகிறாள். நான்காம் மாதம் ஆகிறது, இன்னும் சர்க்கரை பார்க்கவில்லை. முதல் பிள்ளைக்கு வந்தவளுக்கு இரண்டாவதில் முதல் மாதங்களிலேயே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். போன முறையும் எனக்குத் தெரியும்.

மல்லிகா சிஸ்டரைப் பற்றி அர்ப்பணிப்பு, சேவை என்று எழுத எனக்கு அருகதை இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. நீங்கள் எல்லோரும் ஜாஸ்தி என்று சொல்கிற அந்தக் கோபம். அதை முதலில் என்மேல் காட்டாமல் வேறு யார்மேலும் காட்ட எனக்கு உரிமையில்லை. மலரை அச்சடிக்கும்வரை காத்திருக்கப் போவதில்லை. இதை எழுதி முடித்ததும் எடுத்துக்கொண்டு ஐயம்பேட்டைக்குப் போகிறேன். சம்பந்தியம்மாவையும் உட்காரச் சொல்லி, சத்தமாகப் படிக்கப் போகிறேன்.

திவ்யா, உன் வளைகாப்புக்குப் பன்னிரண்டு நாள் முன்பே உனக்குச் சர்க்கரை இருந்தது. நூற்று அறுபத்தெட்டு. மல்லிகா சிஸ்டருக்கு அது வளைகாப்பன்று நான் சொல்லும்வரை தெரியாது. எனக்குத் தெரியும். உன்னிடம் நார்மல் என்று சொன்னவன் உன் அப்பன்.